லித்தியம் ஒன்றை மட்டும் கொண்டு பைபோலாரைக் கட்டுக்குள் வைத்திருக்க முடியுமா?

கேள்வி: பொன்மலை அக்கா

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு முப்பது வயதாகிறது. பைபோலார் (மனம் அளவுமீறிய எழுச்சிக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறிச் செல்லும் நோய்) முதல் வகை என்று சில ஆண்டுகளுக்கு முன் மருத்துவர் கண்டறிந்தார். நோய் உச்சத்தில் இருந்த நாட்களில் அவன் உறக்கமே இல்லாமல், இரவு இரண்டு மணிக்கு உறவினர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் எழுப்பி, அரிசி ஆலை தொடங்கப் போவதாகவும் அவர்கள் பங்குதாரராகச் சேர வேண்டும் என்றும் விடாமல் பேசினான். அது தணிந்த பிறகு, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, குளிக்கவும் உண்ணவும் மனமின்றிப் பல வாரங்கள் கிடந்தான். மருத்துவமனையில் சேர்த்தபோது லித்தியம், ஒலான்சபின், வால்ப்ரோயேட் என மூன்று மருந்துகளைத் தொடங்கினார்கள். ஒலான்சபினால் உடல் எடை மிகவும் கூடியது. நிலைமை சீராகி ஓராண்டுக்கு மேல் ஆனதும், மருத்துவர் மற்ற இரண்டையும் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டு, இப்போது லித்தியம் மட்டும் தருகிறார். தம்பி வேலைக்கும் ஒழுங்காகப் போய் வருகிறான்.

ஆனால் அம்மாவுக்கு நிம்மதி இல்லை. மூன்று மாத்திரைக்கு அடங்கிய நோய் ஒரு மாத்திரைக்கு அடங்குமா என்று தினமும் கேட்கிறார். பெரியப்பாவோ, லித்தியம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், ஆள் நன்றாகத்தானே இருக்கிறான், அதையும் நிறுத்திவிடுங்கள் என்கிறார். ஒரே மருந்தில் நீண்ட காலம் நலமாக இருப்பவர்கள் உண்டா? வீட்டில் நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்? தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போக வேண்டும் என்றும் தம்பி ஆசைப்படுகிறான். அனுப்பலாமா?

பதில்: மருதம்

சகோதரிக்கு வணக்கம். நான் பல ஆண்டுகளாக லித்தியம் ஒன்றிலேயே இருக்கிறேன். பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். எனவே உங்கள் முதல் கேள்விக்கு, உண்டு என்பதே என் பதில்.

தொடக்கத்தில் விரல்களில் மெல்லிய நடுக்கம் இருந்தது. கரும்பலகையில் வட்டம் வரையும்போது கோடு அலையும். மருத்துவர் இரத்தத்தில் உள்ள அளவைப் பார்த்து மாத்திரையைச் சற்றுக் குறைத்த பின் அது பெரிதும் தணிந்தது. தாகமும், இரவில் சிறுநீர் கழிக்க எழுவதும் இன்றும் உண்டு. அவற்றோடு வாழப் பழகிவிட்டேன்.

உங்கள் அம்மாவிடம் ஒன்றைச் சொல்லுங்கள். ஒரே மருந்து என்றால், இனி எந்நாளும் வேறு மருந்தே கிடையாது என்று பொருள் அல்ல. எனக்கு நோய் தலைதூக்குவதற்கு முதல் அடையாளம் உறக்கம் குறைவதுதான். அதிலும், மூன்று மணி நேரமே உறங்கிவிட்டு மறுநாள் களைப்பே இல்லாமல் உற்சாகமாக எழுந்தால் அது ஆபத்தான அறிகுறி. அப்படி இரண்டு இரவுகள் தொடர்ந்தால், என்னைக் கேட்காமலேயே மருத்துவரை அழைக்கும் உரிமையை, நான் தெளிவாக இருந்த காலத்திலேயே மனைவிக்குக் கொடுத்திருக்கிறேன். அத்தகைய வேளைகளில் மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும் இன்னொரு மருந்தைச் சேர்த்துப் பின் விலக்கிக்கொள்வார். தம்பி நலமாக இருக்கும் இப்போதே அவருடன் அமர்ந்து, யார், எப்போது, யாரை அழைப்பது என்று பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நோய் ஏறிய பிறகு அந்தப் பேச்சு எடுபடாது.

பதில்: அரசு மருத்துவமனை மனநல மருத்துவர்

தம்பியை நேரில் பார்க்காத நான் அவருடைய மருந்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அவருடைய மருத்துவர் செய்திருப்பது பரிசோதனை முயற்சி அல்ல, நன்கு அறியப்பட்ட வழி என்று சொல்ல முடியும்.

நோய் உச்சத்தில் இருக்கும்போது லித்தியம் முழுமையாக வேலை செய்ய ஒன்றிரண்டு வாரங்கள் ஆகலாம். அதுவரை நோயாளியை உறங்க வைத்து, கொந்தளிப்பை அடக்க ஒலான்சபின் போன்றவை தேவைப்படுகின்றன. அந்தக் கட்டம் கடந்த பின், மீண்டும் வராமல் தடுப்பது வேறு வேலை. அந்த வேலையில் லித்தியத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், மேனியா எனப்படும் அளவுமீறிய எழுச்சி நிலையில் இருந்த 10 பேருக்கு அதைக் கொடுத்துக் கண்ட பலனை 1949இல் வெளியிட்டார். 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பேலன்ஸ் என்ற ஆய்வு, பைபோலார் முதல் வகை உள்ள 330 பேரை லித்தியம் மட்டும், வால்ப்ரோயேட் மட்டும், இரண்டும் சேர்த்து என மூன்று பிரிவுகளாக்கி இரண்டு ஆண்டுகள் வரை கவனித்தது. வால்ப்ரோயேட்டை மட்டும் எடுத்தவர்களைவிட மற்ற இரு பிரிவினருக்கும் நோய் திரும்புவது குறைவாக இருந்தது; இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது லித்தியத்தை மட்டும் கொடுப்பதைவிட மேலானது என்று அந்த ஆய்வால் உறுதியாகக் காட்ட முடியவில்லை. தற்கொலை அபாயத்தைக் குறைப்பதிலும் லித்தியம் சிறந்து நிற்கிறது. ஆயினும் எல்லோருக்கும் அது மட்டும் போதாது. நோய்க் கட்டங்களுக்கு இடையே முழுமையாகத் தெளிந்து இயல்புக்குத் திரும்புகிறவர்களிடமும், லித்தியத்தால் நலமடைந்த உறவினர் உள்ளவர்களிடமும் அது நன்றாக வேலை செய்வதைக் காண்கிறோம்.

பெரியப்பாவின் அச்சத்தில் உண்மையின் ஒரு பங்கு இருக்கிறது. பல ஆண்டுகள் எடுக்கும் சிலருக்குச் சிறுநீரகத் திறன் குறையலாம். தைராய்டு சுரப்பும் குறையலாம். அதற்காகத்தான் இரத்தப் பரிசோதனை. கடைசி மாத்திரை எடுத்து 12 மணி நேரம் கழித்து இரத்தம் கொடுக்க வேண்டும். பரிசோதனை நாளன்று காலை மாத்திரையை இரத்தம் எடுத்த பிறகே போட வேண்டும். பராமரிப்புக் காலத்தில் இரத்தத்தில் லித்தியம் பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை இருப்பதை விரும்புகிறோம். முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை இந்த அளவையும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை கிரியாட்டினின் (சிறுநீரகத் திறனைக் காட்டுவது), டி.எஸ்.எச். (தைராய்டு நிலையைக் காட்டுவது), கால்சியம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். ஆனால் திடீரென நிறுத்துவதை மட்டும் யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். அப்படி நிறுத்தியவர்களுக்கு நோய், குறிப்பாக மேனியா, சில வாரங்களிலோ மாதங்களிலோ வேகமாகத் திரும்பும் அபாயம் அதிகம். நிறுத்தியே ஆக வேண்டிய காரணம் வந்தாலும், பொதுவாகக் குறைந்தது நான்கு வாரங்கள், முடிந்தால் மூன்று மாதங்கள் எடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள்.

பாதயாத்திரை பற்றிக் கேட்டது மிக நல்ல கேள்வி. சிறுநீரகம் சோடியத்தைப் போலவே லித்தியத்தையும் கையாள்கிறது. வியர்வையாலோ வயிற்றுப்போக்காலோ உடம்பில் நீரும் உப்பும் குறையும்போது, சிறுநீரகம் சோடியத்தைக் காப்பாற்றிக்கொள்ள முயன்று லித்தியத்தையும் சேர்த்துத் தேக்கிவிடும். உப்பில்லாப் பத்தியமும் பட்டினி விரதமும் அதனால்தான் ஆகாது. வழிநெடுக அன்னதானப் பந்தலில் கிடைக்கும் நீர்மோரையும் உப்பிட்ட கஞ்சியையும் தம்பி தவறாமல் குடிக்கட்டும். இரவு நடையைத் தவிர்த்து உறங்கட்டும். உறக்கம் கெடுவதே மேனியாவை இழுத்துவரக்கூடும். போகுமுன் தம் மருத்துவரிடம் சொல்லி, லித்தியம் அளவு பார்த்துவிட்டுப் புறப்படட்டும்.

பதில்: தேன்சிட்டு

எனக்கு இருப்பது, எழுச்சி மிதமாகவே இருக்கும் பைபோலார் இரண்டாம் வகை. மனச்சோர்வே என்னை அதிகம் வாட்டியதால், என் மருத்துவர் லாமோட்ரிஜின் மட்டும் தருகிறார். தோலில் கடுமையான ஒவ்வாமை வரக்கூடும் என்பதால் 25 மில்லிகிராமில் தொடங்கி வாரக்கணக்கில் மெதுவாகத்தான் ஏற்றினார்கள். அது மேனியாவைத் தடுப்பதில் வலுவானது அல்ல என்பதால் உங்கள் தம்பிக்குப் பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. எந்த மருந்து தனித்து நிற்கும் என்பது, ஒருவருடைய நோய் எந்தப் பக்கம் அதிகம் சாய்கிறது என்பதைப் பொறுத்தது.

இதைப் படிக்கும் பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வால்ப்ரோயேட் கருவில் உள்ள குழந்தையின் முதுகுத்தண்டையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கக்கூடியது. திருமணப் பேச்சு நடக்கும் வீடுகளில் நோயையே மறைக்கிறார்கள். மருந்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கருத்தரிக்கும் வாய்ப்புள்ள எவரும் இதை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்டே ஆக வேண்டும். தானாக நிறுத்திவிடவும் கூடாது.

கேள்வி கேட்டவர்: பொன்மலை அக்கா

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மருதம் ஐயா சொன்னபடி, தம்பி, அம்மா, நான் மூவரும் அமர்ந்து எழுதிக்கொண்டோம். தொடர்ந்து இரண்டு இரவு உறக்கம் குறைந்தால் மருத்துவரை நான் அழைக்கலாம் என்று தம்பியே தன் கையால் எழுதிக் கொடுத்தான். டாக்டரிடம் ஒரு சந்தேகம்: நடந்து கால் வலித்தால் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போடலாமா?

பதில்: அரசு மருத்துவமனை மனநல மருத்துவர்

வேண்டாம். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் ஆகியவை லித்தியத்தின் அளவை உயர்த்திவிடும். காய்ச்சலுக்கோ வலிக்கோ ஊசி போட்டாலும் அதில் டைக்ளோஃபெனாக் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பாராசிட்டமால் போடலாம். பிற்காலத்தில் இரத்த அழுத்தம் வந்தால், டெல்மிசார்டன், எனலாப்ரில், ஹைட்ரோகுளோரோதயசைடு ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. லித்தியம் உடலில் அளவு மீறியதன் அடையாளங்களான கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, நாக்குழறல், நடை தள்ளாடுவது, அளவுமீறிய தூக்கக் கலக்கம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போய், லித்தியம் எடுப்பவர் என்பதை முதலில் சொல்ல வேண்டும். மனநலம் குறித்து இரவு நேரத்தில் ஆலோசனை தேவைப்பட்டால் டெலி மானஸ் என்ற அரசுத் தொலைபேசி உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். மாத்திரையின் பெயர், அளவு, உங்கள் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி, தம்பியிடம் ஒன்றும் உடன் நடக்கும் நண்பரிடம் ஒன்றும் கொடுத்தனுப்புங்கள்.