புதுப்பிப்பு: டெல்லியிலிருந்து மணாலி, பனிச் சாலையில் முதல் முறை கார் ஓட்டியது

மதுரையிலிருந்து டெல்லிக்கு மாறி வந்தவன், பனியில் ஓட்டிப் பழக்கமில்லை, ஜனவரியில் மணாலிக்குச் சொந்தக் காரில் போகலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பத்திரமாகப் போய் வந்துவிட்டோம்.

ரொம்பவும் கைகொடுத்தது, "பிரேக்கை நம்பாதீங்க, கியரை வைத்து வேகத்தைக் குறைங்க" என்று ஒருவர் சொன்ன யோசனைதான். பழைய மணாலி இறக்கத்தில் முதல் கியரிலேயே இறங்கினேன், வண்டி சறுக்கவில்லை. ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி) இருந்தாலும் பனியில் கார் நிற்க அதிக தூரம் பிடிக்கும், அதனால் முன்னால் போகும் வண்டிக்கு நிறைய இடைவெளி விட்டேன். சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியபோது, இரண்டாம் கியரில் மெதுவாகக் கிளப்பியதும் நகர்ந்துவிட்டது.

செயின் (பனியில் பிடிமானத்துக்காக டயர் மேல் மாட்டும் சங்கிலி): என் காரில் இன்ஜின் இழுப்பது முன்சக்கரங்களை, ஆகவே முன்னால்தான் மாட்ட வேண்டும். தார் தெரிந்ததும் கழற்றிவிடுங்கள். ஊரில் கிளம்பும் முன்பே மாட்டிப் பழகிக்கொள்வது நல்லது, அந்தக் குளிரில் விரல் மடங்காது.

எதிர்பாராதது ஒன்று. குவிந்து கிடந்த பனியைவிட, வெயில் படாத வளைவுகளில் காலையில் படிந்திருந்த மெல்லிய ஐஸ்தான் பயங்கரம். பார்க்க வெறும் ஈரத் தார் மாதிரிதான் இருக்கும். வெயில் நன்றாக ஏறிய பிறகே வண்டியை எடுத்தோம்.

இரவில் ஹேண்ட்பிரேக் உறைந்து பிடித்துக்கொள்ளலாம் என்று எச்சரித்த அக்காவுக்குத் தனி நன்றி. கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தோம். அப்புறம், பனி கொட்டினால் மணாலிக்குப் பக்கத்திலுள்ள சோலாங் பள்ளத்தாக்குப் பக்கம் ஃபோர் வீல் டிரைவ் (நான்கு சக்கரங்களையும் இன்ஜின் இழுக்கும்) வண்டிகளை மட்டும் விடுவதுண்டு. போலீஸாரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.