மெஸ் எண்ணெயா, வீட்டு எண்ணெயா? சேம்பர் பொங்கினால் யாரைக் கேட்பது?

மூன்றாம் மாடி:
சென்னையில் நாற்பது வீட்டு அடுக்ககம் எங்களுடையது. தீபாவளி முடிந்த நாலாம் நாள் கேட் பக்கத்துக் கழிவுநீர்ச் சேம்பர் பொங்கி, பைக் நிறுத்தும் இடம் வரை சாக்கடை. மூடியைத் திறந்தால் மேலே விரல் தடிமனுக்கு வெள்ளைப் பாளம். குச்சியால் குத்தினால் மெழுகு மாதிரி உடைகிறது. தரைத்தளத்தில் ஒரு மெஸ் இருக்கிறது. கிரீஸ் ட்ராப் (எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் தொட்டி) வைக்காவிட்டால் அவர்கள் கழிவுநீர் இணைப்பை அடைத்துவிடலாம் என்று சங்கத்தில் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன்.

மெஸ்காரன்:
நானும் மெஸ் நடத்துகிறவன்தான் (உங்கள் மெஸ் இல்லை). பொரித்த எண்ணெயை நாங்கள் கொட்டுவதில்லை சார், பயோடீசலுக்கு என்று காசு கொடுத்து வாங்கிப் போக ஆள் வருகிறது. எண்ணெயில் போலார் காம்பவுண்ட் (திரும்பத் திரும்பக் காய்ச்சினால் சேரும் சிதைவுப் பொருள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது என்று 2018 முதல் விதியே இருக்கிறது. நாற்பது வீட்டிலும் முறுக்கும் அதிரசமும் சுட்ட வாரம் அது. அந்த வாணலி எண்ணெயெல்லாம் எங்கே போயிற்று? அப்புறம், சென்னை வெயிலில் எண்ணெய் உறையுமா? அது லண்டன்காரன் கவலை.

பைப் பாலு:
சரி, லண்டனையே எடுத்துக்கொள்வோம். 2017-ல் வொயிட்சேப்பல் தெருவுக்கு அடியில் 250 மீட்டர் நீளத்துக்கு ஒரு கொழுப்புப் பாறை, 130 டன். எடுக்க ஒன்பது வாரம் ஆயிற்று. ஒரு துண்டை அருங்காட்சியகத்தில்கூட வைத்தார்கள்! குளிரில் உறைந்த எண்ணெய் மட்டும் என்றால் அவ்வளவு கல்லாக இறுகியிருக்காது. எண்ணெய் சாக்கடையில் கிடந்து கொழுப்பு அமிலமாகச் சிதையும். அது கால்சியத்தோடு சேர்ந்தால் தண்ணீரில் கரையாத ஒருவகை சோப்பு. கால்சியத்துக்கு நம் ஊரில் பஞ்சமா? போர் தண்ணீர் பிடிக்கும் பக்கெட்டில் படியும் வெள்ளையைப் பாருங்கள். கான்கிரீட் சுவரிலிருந்தும் ஊறி வரும். வெயில் இதை உருக்காது. வெறும் ஆட்டுக்கொழுப்புக்கே 40 டிகிரிக்கு மேல் வேண்டும்.

மூன்றாம் மாடி:
அப்படியானால் ட்ராப் வேண்டும் என்றுதானே நானும் சொல்கிறேன்?

மெஸ்காரன்:
வைத்துப் பார்த்தவன் சொல்கிறேன். இரண்டே வாரத்தில் சாப்பிட வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பையன்கள் மூடியைத் திறக்கவே மாட்டேன் என்கிறார்கள்.

பைப் பாலு:
அள்ளவில்லை என்றால் நாறத்தான் செய்யும். அது ஒரு தொட்டி, அவ்வளவுதான். தண்ணீர் ஆறி மெதுவாக நகரும்போது எண்ணெய் மேலே நிற்கும், பருக்கை அடியில் தங்கும், நடுவில் இருக்கும் தண்ணீர் மட்டும் வெளியே போகும். மேலும் கீழும் சேர்ந்து ஆழத்தில் கால் பங்கு ஆனால் அள்ளியே ஆக வேண்டும். கொதிநீரும் சோப்புத் தூளும் ஊற்றி ‘சுத்தம்’ செய்யாதீர்கள். எண்ணெய் கரைந்தாற்போல ட்ராப்பைத் தாண்டி, தெருக் குழாயில் போய் ஆறிப் படியும்.

வாடகை வீட்டம்மா:
இரண்டு விஷயம். எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்குவது வேலைக்கு வரும் அக்கா. வாணலியைப் பேப்பரால் துடைத்துவிட்டுப் போடுங்கள் என்று நானே போன மாதம்தான் சொன்னேன். அதுவரை எல்லாம் சிங்க்கில்தான். அடுத்தது, போன முறை அடைத்தபோது எங்கள் செக்ரட்டரி ஐந்நூறு ரூபாய்க்கு ஓர் ஆளை உள்ளே இறக்கப் பார்த்தார். கத்தித்தான் நிறுத்தினோம். அப்படி ஆளை இறக்கக் கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. உள்ளே இறங்கி இறந்தால் 30 லட்சம் இழப்பீடு என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மெஸ்ஸா வீடா என்று இங்கே சண்டை போடுகிறோம், விஷவாயு அந்த ஆளுக்குத்தானே?

பைப் பாலு:
அம்மா சொன்னது நூறு சதவீதம். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி அடைப்பை எடுக்கும் ஜெட் லாரியைத்தான் கூப்பிட வேண்டும். மூன்றாம் மாடி சார், தீர்மானத்துக்கு முன்னால் மெஸ் குழாய் வந்து சேரும் இடத்துக்கு முன்னால் இருக்கும் சேம்பரைத் திறந்து பாருங்கள். அதில் வருவது வீட்டுத் தண்ணீர் மட்டும்தானே.

மூன்றாம் மாடி (ஞாயிறு மாலை):
திறந்தோம். அதிலும் பாளம்! மெல்லிசுதான், ஆனால் இருக்கிறது. மெஸ் சேர்ந்த பிறகு மூன்று மடங்கு. எங்கள் மெஸ்காரர் ட்ராப்புக்கு ஒத்துக்கொண்டார், வாரம் ஒருமுறை அள்ளவும். வீட்டு எண்ணெய்க்குக் கீழே ஒரு கேன் வைக்கலாம் என்றால், “அதை யார் தூக்கிக்கொண்டு போவது?” என்கிறார் செக்ரட்டரி.

மெஸ்காரன்:
உங்கள் மெஸ்ஸுக்கு எண்ணெய் எடுக்க வரும் ஆளிடமே கேட்டுப் பாருங்கள் சார். கேன் நிறைந்தால் எடுத்துக்கொள்வார். முறுக்குத் துகளை மட்டும் வடிகட்டி ஊற்றச் சொல்லுங்கள்.