தொலைக்காட்சியைச் சுவரில் மாட்டித் தரும் கூலி எதைப் பொறுத்தது?

கேள்வி:
வணக்கம். 65 அங்குலத் தொலைக்காட்சி ஒன்றை வாங்கியிருக்கிறோம். அதைச் சுவரில் மாட்டித் தர இருவரிடம் கூலி விசாரித்தபோது, ஒருவர் கேட்ட தொகை மற்றவர் கேட்டதைப் போல் இரண்டரை மடங்காக இருந்தது. இருவருமே நேரில் வந்து பார்க்காமல் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார்கள். குறைவாகக் கேட்டவரையே அழைத்துவிடலாம் என்கிறார்கள் வீட்டில். எனக்கோ, குழந்தைகள் விளையாடும் இடத்தில் அவ்வளவு பெரிய திரை சரிந்துவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சம் நீங்கவில்லை. இந்த வேறுபாட்டுக்கு என்ன காரணம்?

பதில் 1:
பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்து வருபவன் நான். திரையின் அளவைவிடச் சுவர்தான் கூலியைத் தீர்மானிக்கிறது. டிரில் இறங்கும்போது வெளிவரும் தூளைப் பார்த்தே சுவரை அறிந்துகொள்ளலாம்: பூச்சைத் தாண்டியதும் செந்தூள் வந்தால் செங்கல், சாம்பல் நிறத் தூள் மெல்ல மெல்ல வந்தால் கான்கிரீட், வெள்ளைப் பொடி சிறிது உதிர்ந்தவுடன் டிரில் சட்டென்று உள்ளே போய்விட்டால் ஜிப்சம் பலகை (சட்டங்களின்மேல் அடித்த மெல்லிய தடுப்பு; பின்னால் வெற்றிடம் இருக்கும்). முதல் இரண்டிலும், துளைக்குள் விரிந்து இறுகும் ஆங்கர் போல்ட் நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்பதால் வேலை விரைவில் முடிந்துவிடும். ஜிப்சம் பலகையிலோ பின்னால் உள்ள சட்டங்களைத் தேடிக் கண்டுபிடித்து அவற்றில்தான் திருக வேண்டும்; சட்டம் தோதான இடத்தில் இல்லையென்றால் கனமான பிளைவுட் பலகை ஒன்றைச் சட்டங்களில் பொருத்திவிட்டு அதன்மேல் பிராக்கெட்டை, அதாவது திரையைத் தாங்கும் உலோகத் தாங்கியை, மாட்ட வேண்டியிருக்கும். அந்த உழைப்புக்குக் கூலி கூடத்தான் செய்யும்.

அடுத்தது பிராக்கெட். சுவரோடு ஒட்டி நிற்கும் வகை எளிது. கை நீட்டித் திருப்பும் வகையில், திரையை முன்னால் இழுக்கும்போது மேல் போல்ட்டுகளைப் பிடுங்கும் விசை பன்மடங்காகிறது. அதைக் குறைந்த கூலிக்கு அவசரமாக மாட்டித் தருபவரிடம் ஒப்படைக்காதீர்கள்.

பதில் 2:
நாங்கள் குறைந்த தொகையை நம்பித்தான் அழைத்தோம். பிராக்கெட், போல்ட், கேபிளை மறைக்கும் பிளாஸ்டிக் பட்டி, உதவிக்கு வந்த இன்னொருவர் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்டதில், மொத்தத் தொகை அதிகம் சொன்னவரின் கூலியையே தாண்டிவிட்டது. எது எது சேர்த்தி என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உயரத்தையும் நீங்களே முடிவு செய்யுங்கள். எங்கள் வீட்டில் நின்றபடி அளந்து மாட்டியதால் இன்றும் அண்ணாந்துதான் பார்க்கிறோம். சோபாவில் உட்கார்ந்தால் கண் எந்த மட்டத்தில் இருக்கிறதோ, ஏறத்தாழ அங்கே திரையின் நடுப்பகுதி வர வேண்டும்.

பதில் 3:
மின்கம்பியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. தொலைக்காட்சியோடு வரும் மின்வடத்தைச் சுவருக்குள் புதைக்கக் கூடாது. திரைக்குப் பின்னால் புதிய பிளக் பாயின்ட் வைக்க வேண்டுமானால் அது எலக்ட்ரீஷியனின் வேலை. அந்தக் கூலி தனி. படத்தையும் ஒலியையும் திரைக்குக் கொண்டுவரும் எச்டிஎம்ஐ கேபிளுக்குக் குழாய் பதிப்பதாக இருந்தால், கேபிளின் தலை நுழையும் அளவுக்கு அகலமான குழாயாகக் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. சுவரைத் தட்டிப் பார்த்தேன். சுவரின் பாதிக்கும் அதிகமான பகுதியில் உள்ளீடற்ற ஓசைதான் கேட்கிறது; அது ஜிப்சம் பலகையாகத்தான் இருக்க வேண்டும். இதைச் சொன்னதும், குறைவாகக் கேட்டவர் தம் தொகையை உயர்த்திவிட்டார். அதிகம் கேட்டவரோ பிளைவுட் பலகைக்கும் சேர்த்துத்தான் சொன்னதாகக் கூறினார். அவரையே வரச் சொல்லியிருக்கிறேன். அதற்கு முந்தைய நாள் எலக்ட்ரீஷியன் வந்து பிளக் பாயின்ட் வேலையை முடித்துவிடுவார்.