இரைப்பை எடுத்தவர், ஸ்டேஜ் 4: எட்டு சாஷே முடிந்தும் வைட்டமின் டி ஏறவில்லை, ஏன்?

டயட்_மேசை:
வயிற்றுப் புற்றுநோய்க்காக இரைப்பையை முழுதாக எடுத்தவர், வயது 58. இப்போது எலும்பில் பரவல். கேப்பசிட்டபின், ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்துகள் ஓடுகின்றன. 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி (ரத்தத்தில் டி அளவைக் காட்டும் டெஸ்ட்) முதலில் மில்லிக்கு 9 நானோகிராம் இருந்தது. வாரம் ஒரு 60,000 யூனிட் டி பவுடர் சாஷே, 8 வாரம் கொடுத்த பிறகும் 12தான். கால்சியம் 7.9, ஆல்புமின் (ரத்தப் புரதம்) 2.6, ஏஎல்பி (எலும்பு நோயில் ஏறும் என்சைம்) அதிகம். அடுத்த வாரம் எலும்புப் பரவலுக்கான சோலெட்ரோனிக் ஆசிட் ஊசி போடுவதாகப் பேச்சு. இந்தக் கால்சியத்தோடு போடலாமா? டி ஏன் ஏறவில்லை? "டி ஏறினா கட்டி அடங்குமா" என்று வேறு வீட்டார் கேட்கிறார்கள்.

மருந்துச்சீட்டு:
எப்படிக் குடித்தார் என்று முதலில் கேளுங்க. டி கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் நல்லா ஏறும். நாளின் பெரிய சாப்பாட்டோடு, ஆடை எடுக்காத பாலில் கலந்து குடிக்கணும்.

அடுத்து மலம். மிதக்குதா, எண்ணெய்ப் பிசுக்கா, தண்ணீர் ஊற்றினாலும் ஒட்டிக்கிட்டு நிக்குதா? இரைப்பை இல்லாதவருக்குச் சாப்பாடு நேராகச் சிறுகுடலில் இறங்கிடும். பித்தமும் கணைய நீரும் கீழே தாமதமாகத்தான் வந்து சேரும், அதனால் கொழுப்பு செரிக்காது. அதோடு டியும் வெளியே போயிடும். அப்படின்னா டாக்டரிடம் கேட்டு கணைய என்சைம் கேப்சூல், ஒரு சாப்பாட்டுக்கு 25,000 யூனிட் லிப்பேஸில் (கொழுப்பைச் செரிக்கும் என்சைம்) ஆரம்பிக்கலாம்: பாதி முதல் வாயோடு, பாதி நடுவில். கேப்சூலைத் திறந்து மசித்த ஆப்பிளில் கலக்கலாம். மெல்லக் கூடாது, சூடான கஞ்சியில் போடவும் கூடாது.

ஃபெனிடாயின் (வலிப்பு மருந்து), கொலஸ்டிரமின் (பித்த உப்பைப் பிடிக்கும் பவுடர்) ஓடுதான்னும் பாருங்க. முதலாவது டியை வேகமாகச் சிதைக்கும், இரண்டாவது குடலிலேயே பிடிச்சு வச்சுக்கும். ஆல்ஃபாகால்சிடாலை (டியின் மாற்று வடிவ மருந்து) சாதாரண "டி மாத்திரை"ன்னு நினைச்சுச் சாப்பிடுறவங்களும் உண்டு, அது இந்த டெஸ்ட்டில் தெரியவே தெரியாது.

கால்சியத்துக்கு கார்பனேட் வேண்டாம், அது கரைய அமிலம் வேணும். சிட்ரேட் கொடுங்க, இரும்பு மாத்திரையிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி.

வார்டு_ரவுண்ட்ஸ்:
7.9ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கால்சியத்தைச் சுமக்கும் ஆல்புமின் குறைவு, அதைச் சரிக்கட்டிப் பாருங்கள். 7.9 + 0.8 × (4 − 2.6) = 9.02. ஆனால் இவ்வளவு நோயுற்றவரிடம் இந்தக் கணக்கை நம்பி ஊசி போடமாட்டேன். அயனி கால்சியம் (புரதத்தோடு ஒட்டாத கால்சியம்), மக்னீசியம், பாஸ்பேட், பிடிஎச் (கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன்), கிரியாட்டினின் (சிறுநீரக டெஸ்ட்) பார்க்கச் சொல்லுங்கள். வயிற்றுப்போக்கில் மக்னீசியம் இறங்கியிருந்தால் கால்சியம் எவ்வளவு கொடுத்தாலும் நிற்காது.

ஏஎல்பி முழுவதையும் பரவலின் தலையில் கட்டிவிடாதீர்கள். பாஸ்பேட் குறைந்து பிடிஎச் ஏறியிருந்தால் எலும்பு மென்மையாவதும் கூடவே நடக்கிறது. தரையிலிருந்து எழ முடியாமை, படியேறத் திணறல் எல்லாம் அதிலிருந்தும் வரலாம். ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோனும் தசையைத் தளர்த்தி இந்தத் திணறலைத் தரும்.

சோலெட்ரோனிக் ஆசிட், எலும்பிலிருந்து ரத்தத்துக்கு வரும் கால்சியத்தை அடைத்துவிடும். டி 12ல் இருக்கும்போது குடலும் கைகொடுக்காது. கால்சியம் சரிந்து, உதடு மரத்து, விரல் இழுத்து, சில சமயம் இதயத் துடிப்பே தடுமாறும். இன்னொரு எலும்பு ஊசியான டெனோசுமாப்பில் இது இன்னும் அதிகம். எனவே டியையும் கால்சியத்தையும் ஏற்றிவிட்டுப் போடுவதே சரி. புற்றுநோயால் கால்சியம் எகிறியவருக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது, அது வேறு கதை. கிரியாட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 60க்கு மேல் இருந்தால்தான் முழு 4 மி.கி.; 30க்குக் கீழே எலும்புப் பரவலுக்குக் கொடுப்பதில்லை. பல்லையும் முன்னரே காட்டிவிடுங்கள்.

இன்னொன்று, அழற்சி கூடினால் டியைச் சுமக்கும் புரதமே குறைந்து அளவு தாழ்ந்து காட்டும். 40க்கு ஏற்றியே தீர வேண்டும் என்று துரத்தாதீர்கள். 20ஐத் தாண்டி, பிடிஎச் இறங்கினால் போதும்.

டயட்_மேசை:
கேட்டாயிற்று. காலையில் வெறும் வயிற்றில், வெந்நீரில் குடித்திருக்கிறார். மலம் மிதக்கிறது.

மருந்துச்சீட்டு:
அப்போ விடை கிடைச்சாச்சு. என்சைமோடு, மதியச் சாப்பாட்டில் மறுபடி ஆரம்பிங்க. உடல்பருமனுக்கு இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்கு வாரம் 50,000 யூனிட் ஒன்றிலிருந்து மூன்று தடவை வரை கொடுக்கிறாங்க, இவருக்கு எத்தனைன்னு டாக்டர் முடிவு பண்ணட்டும். சீட்டில் "வாரம்"னு பெரிய எழுத்தில் எழுதுங்க. தினமும் ஒண்ணு போட்டு கால்சியம் எகிறி, தாகம், மலச்சிக்கல், குழப்பம்னு வந்து சேர்றது ஊரறிந்த தப்பு. டியைத் தொடையில் ஊசியாப் போடுறதும் ஒரு வழிதான், ஆனா பிளேட்லெட் 50,000க்குக் கீழே இருந்தா வேண்டாம். மறுபடி டெஸ்ட் 8 முதல் 12 வாரத்தில். கால்சியம் மட்டும் அதற்கு முன்னாடியே.

வார்டு_ரவுண்ட்ஸ்:
வீட்டார் கேள்விக்கு: அடங்காது என்று சொல்லிவிடுங்கள். ஜப்பானில் செரிமானப் பாதைப் புற்றுநோயாளிகள் 417 பேரிடம் தினம் 2,000 யூனிட் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019ல் வந்தது. ஐந்தாண்டில் நோய் திரும்பாதவர்கள் 77 சதம், மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 69 சதம். அந்த வித்தியாசம் புள்ளியியல் கணக்கில் தேறவில்லை. அதிலும் ஸ்டேஜ் 1 முதல் 3 வரைதான், இவரைப் போன்றவர்கள் இல்லவே இல்லை. இவருக்கு டி கொடுப்பது எலும்புக்கும் தசைக்கும். மிச்சமிருப்பது சில வாரங்கள்தான் என்று தெரியும் கட்டத்தில் டி டெஸ்ட்டுக்காக ஊசி குத்துவதையும் நிறுத்திவிடலாம்.