கொடைக்கானல் வீட்டுக் குழுவில் கடலோரப் பயணத் திட்டம்

கதிரவன்: அனைவருக்கும் வணக்கம். தைப்பூசக் கூட்டம் குறைந்த அடுத்த வாரம் புறப்படலாம் என நினைக்கிறேன். முதல் இரவு இராமேசுவரம், மறு இரவு கன்னியாகுமரி. இடையில் மதுரைக்குத் திரும்பி நான்குவழிச் சாலையைப் பிடித்தால் விரைவாகச் சேர்ந்துவிடலாம்.

பெரியப்பா: கதிர், மதுரைக்குத் திரும்ப வேண்டாம். கடலைப் பார்ப்பதற்காக மலையிறங்கும் நாம், இரண்டு கடல் ஊர்களுக்கு நடுவே முழுப் பகலையும் கடலில்லாத சாலையில் கழிப்பது சரியாகப் படவில்லை. இராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார் வழியாகத் தூத்துக்குடிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை இருக்கிறது. வழி முழுவதும் கடல் தெரிந்துகொண்டே இருக்காது. பனைகளும் உடைமரங்களும் கூடவே வரும். தூத்துக்குடியை நெருங்கும்போது உப்பளப் பாத்திகளில் வெயில் பட்டு மின்னுவதைப் பிள்ளைகள் இறங்கி நின்று பார்க்கட்டும்.

செல்வி அத்தை: அண்ணா, தனுஷ்கோடிக்கு அம்மாவை அழைத்துச் செல்ல முடியுமா? முன்பெல்லாம் மணலில் வேனில்தான் போக வேண்டும் என்பார்கள்.

பெரியப்பா: தாராளமாக அழைத்து வா, செல்வி. 2017 முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை உள்ளது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவர்களையும் இரயில் நிலையத்தின் எச்சங்களையும் சாலையோரத்திலேயே பார்க்கலாம். முனையில் ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் மன்னார் வளைகுடா. நீரோட்டம் கடுமையாக இருக்கும் என்பதால் அங்கே யாரும் கடலில் இறங்கக் கூடாது. மாலைக்கு மேல் வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள். ஆகவே காலையிலேயே போய்விடுங்கள். நிழல் கிடையாது. நம் ஊர்க் குளிருக்குப் பழகியவருக்கு அந்த வெயில் தாங்காது. குடையும் தண்ணீரும் கையில் இருக்கட்டும்.

நிலா: பெரியப்பா, பாம்பன் பாலத்தில் இறங்கிப் படம் எடுக்கலாமா?

பெரியப்பா: வண்டியை நடுப்பாலத்தில் நிறுத்துவது ஆபத்து, கண்ணு. நகரும் வண்டியிலிருந்தே, 2025இல் திறந்த புதிய இரயில் பாலத்தைப் பார். கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலெழும்.

கதிரவன்: சரி பெரியப்பா. தூத்துக்குடியிலிருந்து நேரே கன்னியாகுமரிக்குப் போய்விடலாமா?

பெரியப்பா: நேரே போய்விடாதே, வழியில் நிற்க வேண்டும். தூத்துக்குடியில் பணியாற்றிய காலத்தில், விடுமுறை கிடைத்தால் நான் போனது திருச்செந்தூருக்கும் மணப்பாட்டுக்கும்தான். பழனி மலைத்தொடரில் குடியிருக்கும் நமக்குக் குன்றின் மேல் நிற்கும் முருகனைத் தெரியும். அலை வந்து மோதும் கரையில் நிற்கும் முருகனை அம்மா ஒருமுறையாவது பார்க்க வேண்டும். கடலுக்கு இத்தனை அருகில் நாழிக்கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறுவதையும் பிள்ளைகளுக்குக் காட்டு.

அங்கிருந்து சுமார் 18 கி.மீ. தெற்கே மணப்பாடு. கடலுக்குள் நீண்டிருக்கும் மணற்குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயமும் அருகே கலங்கரை விளக்கமும், அடிவாரத்தில் 1542இல் இக்கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகையும் உள்ளன. மாலை நான்கு மணிக்கு மேல் அந்தக் குன்றில் ஏறி நின்றால், ஒரு பக்கம் வீடுகளும் படகுகளும், மறுபக்கம் திறந்த கடலுமாக முழுக் கரையும் தெரியும். எனக்குக் கன்னியாகுமரியைவிட அதுவே பெரிது. போகும் வழியில் உடன்குடியில் கருப்பட்டி வாங்குங்கள். நேரமிருந்தால் சிவந்த மணல் மேடுகளான தேரிக்காட்டையும் எட்டிப் பாருங்கள்.

செல்வி அத்தை: அப்படியானால் திருச்செந்தூரில் ஓர் இரவு தங்க வேண்டும், கதிர். அம்மாவை ஒரே நாளில் அவ்வளவு தூரம் உட்கார வைக்க முடியாது.

கதிரவன்: திட்டத்தை மாற்றிவிட்டேன், அத்தை. முதல் நாள் வத்தலகுண்டு, மதுரை வழியாக இராமேசுவரம். இரண்டாம் நாள் காலையில் தனுஷ்கோடி, பிறகு கடற்கரைச் சாலை, இரவு திருச்செந்தூர். மூன்றாம் நாள் காலை தரிசனம், மாலை மணப்பாடு, அதன்பின் கன்னியாகுமரி. திருச்செந்தூர் அறைகளை இன்றே பதிவு செய்கிறேன்.

பெரியப்பா: அம்மாவுக்குத் தரைத்தளத்து அறையாகக் கேள்.