விசிபிலிட்டியை அட்டவணையாக்கப் போய் அடிபட்ட கதைகள்

ஈசூன் ஆந்தை:

பகலில் சிங்கப்பூரில் சாங்கி பக்கம் டேட்டாபேஸ் வேலை. பிள்ளை தூங்கிய பிறகு வானம். அண்ணாந்து பார்க்கும் வானம் இல்லை. நம்ம ஊர் மேகத்துக்கும் விளக்கு வெளிச்சத்துக்கும் நடுவே வியாழன் கண்ணில் பட்டாலே பெரிய விஷயம். நான் நோண்டுவது புனேக்கு வடக்கே கோடாட்டில் இருக்கும் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியின் பழைய தரவை.

அங்கே 45 மீட்டர் தட்டுகள் 30. இரண்டிரண்டாகச் சேர்த்தால் 435 ஜோடி, ஜோடிக்குப் பெயர் பேஸ்லைன். ஒவ்வொரு ஜோடியும் ஒவ்வொரு அதிர்வெண் சேனலிலும் சில விநாடிக்கு ஒருமுறை, மெய்ப் பகுதியும் கற்பனைப் பகுதியும் கொண்ட ஒரு கலப்பெண்ணைத் தரும். அதுதான் விசிபிலிட்டி. எனக்குப் படம் வேண்டாம், ஒரு தொலைதூர ரேடியோ மூலத்தின் முன்னால் இருக்கும் ஹைட்ரஜன் வாயுவின் உட்கவர் கோடு, அதாவது வாயு விழுங்கிய அலையால் ஸ்பெக்ட்ரத்தில் விழும் பள்ளம் மட்டும் போதும். அப்படியானால் எல்லாவற்றையும் அட்டவணையில் கொட்டி சராசரி எடுத்தால் ஆயிற்று என்று நினைத்தேன். தொழில் புத்தி!

ஜிஎம்ஆர்டியின் மூல எல்டிஏ கோப்பை லிஸ்ட்ஸ்கேன், ஜிவிஃபிட்ஸ் என்ற நிரல்கள் வழியாக ஃபிட்ஸ் என்ற வானியல் கோப்பாக்கி, காசா (CASA) என்ற ரேடியோ வானியல் மென்பொருளில் இம்போர்ட்யூவிஃபிட்ஸ் ஓட்டி, அதன் சொந்த வடிவமான மெஷர்மென்ட் செட் ஆக்கும்வரை தொல்லை இல்லை. பிறகு எண்ணுக்கு ஒரு வரி என்று சிஎஸ்வியில் எழுதினேன். 16 விநாடிக்கு ஒரு பதிவு, 512 சேனல், இரண்டு போலரைசேஷன்: ஒரு மணி நேரத்துக்கு 100 மில்லியன் வரி. மடிக்கணினியின் விசிறி சத்தத்தில் மனைவி எழுந்து வந்து, "என்னங்க, வாஷிங் மெஷினா ஓடுது?" என்றார்.

இடம் மிச்சம் பிடிக்க ஒரு காரியம் செய்தேன், அதுதான் உண்மையான அடி. மெய்ப் பகுதி, கற்பனைப் பகுதி இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு வீச்சை, அதாவது கலப்பெண்ணின் நீளத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். சராசரி எடுத்தால் கோடு இருக்கிறது, ஆனால் அதன் பாதாளம் தூர்ந்துபோன கிணறு மாதிரி. மூன்று வாரம், கருவிப் பிழையைச் சரிக்கட்டும் கேலிபிரேஷனைத் திட்டினேன். கடைசியில் எந்த மூலமும் இல்லாத வெற்று வானத்தை அதே வழியில் போட்டுப் பார்த்தேன். பூஜ்யம் வர வேண்டிய இடத்தில், மெய்ப் பகுதியின் இரைச்சலைப் போல 1.25 மடங்கு வந்து நின்றது. எத்தனை பேஸ்லைன் சேர்த்தாலும் அசையவில்லை.

வீச்சுக்கு மைனஸ் கிடையாது. இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள வழியில்லாமல் எல்லாம் மேலேயே குவிகிறது. கலப்பெண்ணாகவே கூட்டி, கடைசியில் வீச்சு எடுத்தால் 435 பேஸ்லைனில் இரைச்சல் சுமார் 21 மடங்கு குறையும். நான் அந்த 21-ஐத் தூக்கிக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

இப்போது வரிக்கு ஒரு பேஸ்லைன், ஒரு நேரம். ஸ்பெக்ட்ரம் முழுவதும் ஒரே கலத்தில் எண் வரிசையாக. சிஎஸ்விக்குப் பதில் பார்கே (Parquet) என்ற அட்டவணைக் கோப்பு. மணிக்கு ஒரு லட்சம் வரிகூட இல்லை. எல்லாத் தசம எண்ணையும் 32 பிட் ஆக்கியதில் கோப்பு இன்னும் சுருங்கியது. அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

தெ ஆலியா:

அண்ணே, எனக்கு நேர் எதிர். கலப்பெண்ணாத்தான் கூட்டினேன், கோடே காணோம்! ஃபேஸ்னா கலப்பெண் திரும்பி நிக்கற கோணம்; அது எந்தப் புள்ளிக்குச் சரிபண்ணியிருக்கோ அதுதான் ஃபேஸ் சென்டர். மூலம் அங்க இல்லாம ஒதுங்கி இருந்திருக்கு. 25 கிலோமீட்டர் பேஸ்லைன்ல, 21 சென்டிமீட்டர் அலைக்கு, ஒரு பாகையில அறுபதுல ஒரு பங்கு தள்ளியிருந்தாலே ஃபேஸ் 35 சுற்று சுத்திடும். கூட்டினா ஒண்ணை ஒண்ணு தின்னுடும். காசாவுல ஃபேஸ்ஷிஃப்ட் ஓட்டி மூலத்தை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஏற்றுமதி செய்யணும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு தீபாவளி விடுமுறை போச்சு.

இன்னொண்ணு, காசா பக்கமே போகாம அந்த ஃபிட்ஸ் கோப்பை நேரடியா பைத்தான்ல படிக்கிறவங்க கவனிங்க. ஒவ்வொரு எண்ணோடயும் ஒரு எடை வரும். பூஜ்யமோ அதுக்குக் கீழேயோ இருந்தா, கெட்ட தரவுன்னு ஒதுக்கி வெச்சதுன்னு அர்த்தம். நான் அந்த மைனஸ் எடையையும் சேர்த்தே சராசரி போட்டேன். கைப்பேசிக் குறுக்கீடெல்லாம் தலைகீழாத் திரும்பி, அழகான உட்கவர் கோடு மாதிரி நின்னுச்சு. பேராசிரியர்கிட்ட காட்டியும் விட்டேன். அந்த மௌனத்தை விவரிக்க விரும்பல.

முத்தோரை பேரன்:

தாத்தா ஊட்டிக்காரர். சின்ன வயதில் மலைச் சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் அந்த ரேடியோ தொலைநோக்கியைக் காட்டி, "இது காது, கண்ணில்லை" என்பார். 1970-லிருந்து இயங்குகிறது, அதை எழுப்பிய கோவிந்த் ஸ்வரூப்தான் பின்னாளில் ஜிஎம்ஆர்டியையும் எழுப்பினார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆந்தை, உங்கள் 32 பிட் பெருமையைப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது. விசிபிலிட்டிக்கு 32 பிட் தாராளம், மெஷர்மென்ட் செட்டிலேயே அப்படித்தான் இருக்கிறது. டைம் நெடுவரிசை அப்படியில்லை. அது 1858 நவம்பர் 17-லிருந்து எண்ணிய விநாடி. இன்றைக்கு 500 கோடிக்கு மேல். அந்த அளவில் 32 பிட் எண்ணின் அடுத்தடுத்த படிக்கு இடைவெளி 512 விநாடி. உங்கள் 16 விநாடிப் பதிவுகள் 32 ஒரே நேரமாக ஒட்டிக்கொண்டிருக்கும். நேரத்தை வைத்து ஏதாவது இணைத்தீர்களா?

ஈசூன் ஆந்தை:

இணைத்தேன். கேலிபிரேஷன் அட்டவணையை நேரத்தை வைத்துத்தான் இணைத்தேன்.

இப்போதுதான் திறந்து பார்த்தேன். ஒரு மணி நேரத் தரவில் 225 நேரம் இருக்க வேண்டும். எட்டு இருக்கிறது. தெ ஆலியா, உங்கள் பேராசிரியரின் மௌனம் இப்போது என் வீட்டில். மறுபடியும் ஏற்றுமதி ஓடுகிறது, டைம் மட்டும் 64 பிட். விசிறி சத்தம் கேட்காமலிருக்க மடிக்கணினியைச் சமையலறையில் வைத்திருக்கிறேன்.