மின்திறன் ஒன்று போதாது: குறிதிறன், தாங்குதிறன்

அன்புள்ள குழுவினருக்கு,

செய்முறைக் கையேட்டுக்கான சொற்பட்டியலில் மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை மூன்றும் ஒருவழியாக முடிந்துவிட்டன. (செய்தித்தாளில் "நாளை மின்தடை" என்றால் மின்சாரம் இருக்காது; பாடநூலில் அது ஓம் கணக்கு. இரண்டும் இத்தனை காலம் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்திவிட்டன, இனியும் நடத்தட்டும்.) நான்காவதுதான் இழுக்கிறது. "மின்திறன் என்று போட்டு மூடிவிடலாம்" என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. கருவியின் மேல் அச்சிட்டிருக்கும் வாட்டுக்குத் தனிச்சொல் இல்லாமல் மாணவர்களின் கணக்கே தப்பாகப் போகிறது.

தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். தகட்டில் 230 வோல்ட், 1500 வாட் என்று இருக்கிறது. மாலை நேரத்தில் அழுத்தம் இறங்கி வோல்ட்மீட்டர் 200 காட்டுகிறது. திறனை அழுத்தத்தால் வகுத்தால் ஓட்டம் என்று படித்த மாணவர், 1500ஐ 200ஆல் வகுத்து 7.5 ஆம்பியர் என்று எழுதிவிடுகிறார். அம்மீட்டர் முள்ளோ 5.7 அருகே நிற்கிறது. மீட்டர் பழுது என்று கையை உயர்த்துகிறார். மீட்டரில் ஒரு பழுதும் இல்லை. ஹீட்டருக்குள் இருக்கும் நிக்ரோம் (நிக்கல், குரோமியம் கலந்த உலோகம்) கம்பி சூடேறினாலும் அதன் தடை பெரிதாக மாறுவதில்லை. 230இன் வர்க்கத்தை 1500ஆல் வகுத்தால் ஏறக்குறைய 35.3 ஓம். 200 வோல்ட்டில் அது இழுப்பது 5.67 ஆம்பியர், எடுப்பது 1134 வாட். அழுத்தம் 13 விழுக்காடு குறைந்ததற்குத் திறன் 24 விழுக்காடு குறைந்துவிட்டது. 1500 என்பது 230 வோல்ட் கிடைத்தால் மட்டுமே பலிக்கும் எண். அளந்து, பெருக்கி வருவதுதான் மின்திறன். தகட்டில் இருப்பது வேறு.

அந்த வேறுக்கு வந்த பரிந்துரைகளில் "மதிப்பிடப்பட்ட மின்திறன்" யாரோ உத்தேசமாகச் சொன்னதுபோல் ஒலிக்கிறது, நீளமும் அதிகம். "பெயரளவுத் திறன்" என்றால், பெயருக்குத்தான் 1500 வாட் என்று கடைக்காரரைக் குறை சொல்வதாகிவிடும். என் முன்மொழிவு: குறிதிறன். சுடுநீர், ஊறுகாய் போல வினைத்தொகை. அதனால் ஒற்று மிகாது. குறித்திறன் என்று யாரும் திருத்த வேண்டாம்.

இதோடு முடியவில்லை. மின்தடையாக்கி வாங்கும்போது "கால் வாட்" என்று கேட்கிறோமே, அது குறிதிறனா? இல்லை. கால் வாட் எடுக்கும் என்று அதற்குப் பொருளில்லை, அதற்கு மேல் போனால் கருகும் என்றுதான் பொருள். 100 ஓம், கால் வாட் தடையாக்கியை 12 வோல்ட்டில் இணைத்தால் 0.12 ஆம்பியர் ஓடும், திறன் 1.44 வாட், அதாவது தாங்கக்கூடியதைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு. ஓம் அளவைச் சொல்லும் பழுப்பு, கறுப்பு, பழுப்புப் பட்டைகள் அடையாளம் தெரியாமல் கறுத்து, மேற்பூச்சு கொப்பளித்து, அறை முழுவதும் நாற்றம் பரவிவிடும். அதற்கு 5 வோல்ட்தான் எல்லை. அங்கே சரியாக 0.25 வாட். இந்த எல்லைக்குத் தாங்குதிறன் என்பேன். ஆங்கிலம் இரண்டையும் rating என்ற ஒரே சொல்லில் அடைக்கிறது என்பதற்காக நாமும் அடைக்க வேண்டியதில்லை.

இந்தச் சொற்கள் இலங்கை வழக்குக்குப் பொருந்துமா என்ற யாழ்ப்பாண நண்பரின் கேள்விக்கு: இலங்கைப் பாடநூல்களில் திறன் என்பது வலு, நாங்கள் ஆற்றல் என்பதை நீங்கள் சக்தி என்கிறீர்கள். குதிரைத்திறன் எங்களுக்கு, குதிரைவலு உங்களுக்கு. குறிவலு, தாங்குவலு என்று நேராக மாறிக்கொள்ளும், பட்டியலில் இரண்டு வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் போடலாம். வலுவுக்கு ஒரு வசதி உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்: பயனுறுதிறன் (உள்ளே போவதில் பயனாக வெளிவரும் பங்கு), கையாளும் திறன் என்று எங்கள் திறன் பல வேலை பார்க்கிறது, உங்கள் வலுவுக்கு அந்தச் சுமை குறைவு.

மறுமொழி:

ஐயா, தாங்குதிறன் சரி. குறிதிறனில் ஓர் இடறல். எங்கள் ஊர்க் கிணற்று மோட்டார்த் தகட்டில் 1 குதிரைத்திறன் என்றிருக்கிறது, 746 வாட். அது சுழலும் தண்டில் கிடைப்பது. கம்பி வழியே உள்ளே போவது அல்ல. பயனுறுதிறன் 70 விழுக்காடு என்று கொண்டால் 1066 வாட் உள்ளே போக வேண்டும். திறன் காரணி (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கியதில் உண்மையில் திறனாகும் பங்கு) 0.8 என்றால் ஓட்டம் 5.8 ஆம்பியர். குறிதிறனை 230ஆல் வகுத்தவர் 3.2 ஆம்பியர் என்று நினைத்து மெல்லிய கம்பியைப் போட்டுவிடுவார். ஹீட்டருக்குக் குறிதிறன் உள்ளே போவது, மோட்டாருக்கு வெளியே வருவது. ஒரே சொல் போதுமா?

மறுமொழிக்கு மறுமொழி:

சொல் போதும், விளக்கம் போதாது. குறிதிறன் என்பது தகட்டில் குறித்தது, அவ்வளவே. மோட்டார் பகுதியில் மட்டும் "குறிதிறன் (தண்டில்)" என்று எழுதி, கம்பியைத் தேர்ந்தெடுக்கத் தகட்டிலேயே தனியாக அச்சிட்டிருக்கும் ஆம்பியரைப் பார்க்கச் சொல்லிவிடுவோம். அதை இதே வழியில் குறியோட்டம் எனலாம். மறுப்பு இல்லையென்றால் மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்; திறன் காரணியை அடுத்த மடலில் எடுத்துக்கொள்வோம்.